7×50 காம்பஸ் பைனாகுலர்: சிறு படகில் வாட்ச் (காவல்) நிற்பவருக்கு எவ்வளவு உதவும்?

தூரத்தில் தெரியும் கப்பல் நம்மோடு மோதும் வழியில் வருகிறதா என்று அறிய முதலில் செய்ய வேண்டிய சோதனை எளிமையானது. அதன் பேரிங்கை, அதாவது வடக்கிலிருந்து அளந்த திசைக்கோணத்தை, சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். தூரம் குறைந்துகொண்டே வந்து, பேரிங் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால், இரண்டு கலங்களும் ஒரே புள்ளியை ஒரே நேரத்தில் நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. 1972-இல் ஏற்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின் 7-ஆம் விதி இந்தச் சோதனையைப் பெயர் சொல்லியே கேட்கிறது. காம்பஸ் பேரிங் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றால் மோதல் அபாயம் உண்டு என்றே கொள்ள வேண்டும்.

பெரிய கப்பலில் இதற்கென்றே, கப்பலை ஓட்டும் மேல்தளமான பாலத்தின் இரு பக்கச் சிறகுகளிலும் கைரோ ரிப்பீட்டர், அதாவது பேரிங் எடுக்க உதவும் திசைகாட்டி, இருக்கும். ஃபைபர் படகிலும் பாய்மரப் படகிலும் மரப் படகிலும் அது கிடையாது. அங்கே அந்த வேலையைச் செய்ய வந்ததுதான் உள்ளே காம்பஸ் பொருத்திய 7×50 பைனாகுலர். ஸ்டைனர், புஜினான், நிக்கான் போன்ற நிறுவனங்கள் இந்த வகையை விற்கின்றன. அவற்றைவிட மலிவான பெயர்களும் நிறைய உண்டு. தனி ஒரு மாடலைப் பற்றி அல்லாமல் இந்த வகைக் கருவியைப் பற்றியே இங்கே எழுதுகிறோம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரும்பு அல்லாத படகுக்கு இது மிக நல்ல கருவி. ஆனால் பெரிதாகக் காட்டுகிறது என்பதற்காக வாங்குபவர் இதன் பாதிப் பயனைக்கூட அடைய மாட்டார். உள்ளே மிதக்கும் அந்தக் காம்பஸ் வட்டை நம்பி, கையில் கடிகாரமும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்குத்தான் இது முழுதாக உழைக்கும்.

7 மடங்கு ஏன், 10 ஏன் கூடாது என்று வாங்குபவர் எல்லோரும் கேட்கிறார்கள். ஆடுகிற தளத்தில் நின்று கையால் பிடிக்கும்போது, பொருள் எத்தனை மடங்கு பெரிதாகிறதோ கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகிறது. 10 மடங்கில் தொலைவிலுள்ள விளக்கு ஒரு புள்ளியாக நிற்காது, கோடாகக் கிறுக்கும். 7 மடங்கில் அது பெரும்பாலும் புள்ளியாகவே நிற்கும். அடுத்த எண்ணான 50, முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 50-ஐ 7-ஆல் வகுத்தால் 7.1 மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இருட்டில் நன்கு விரிந்த இளம் கண்ணின் பாப்பா ஏறக்குறைய இதே அளவு. வயதாக ஆக அது 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும் என்பதால் நடுவயதைத் தாண்டியவருக்கு இந்த அகலம் வீண் என்று சிலர் சொல்வதுண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை. படகு உருளும்போது கண் லென்ஸின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் படம் இருண்டுவிடாமல் இருப்பது அந்த உபரி அகலத்தால்தான். 14×40 போன்ற, ஆட்டத்தைத் தானே சமன் செய்யும் மின்னணு பைனாகுலர்கள் பகலில் அற்புதமாக இருக்கும். ஆனால் அவற்றின் கற்றை 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. இரவு வாட்ச்சுக்கு அவை இரண்டாவது கருவியாக இருக்கலாம், முதல் கருவியாக அல்ல.

இரவில் இதன் லாபத்தை நேரத்தில் அளக்கலாம். 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் வெள்ளை மாஸ்ட்ஹெட் (கம்ப உச்சி) விளக்கு குறைந்தது 6 கடல் மைல் தெரிய வேண்டும். இடப்புறச் சிவப்பு, வலப்புறப் பச்சைப் பக்க விளக்குகளுக்குக் குறைந்தபட்சம் 3 மைல்தான். அதாவது 6 மைலுக்கும் 3 மைலுக்கும் நடுவே வெறுங்கண்ணுக்கு வெள்ளை மட்டுமே உறுதி. கப்பல் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பது தெரியாமல் போகலாம். நல்ல 7×50 அந்த நிறத்தை முன்கூட்டியே எடுத்துக் கொடுக்கிறது. இரண்டு கலங்களுக்கும் இடையிலான தூரம் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் குறைந்தால், ஒரு மைல் முன்னதாக நிறம் தெரிவது 3 நிமிடம் கையில் கிடைப்பதற்குச் சமம். 12 மீட்டருக்குக் குறைவான படகின் பக்க விளக்குக்கு விதி கேட்பதே 1 மைல்தான். சிறு படகுகள் கூடுகிற நீரில் இந்த லாபம் இன்னும் பெரியது.

இனி காம்பஸ். பார்வை வட்டத்தின் கீழ்ப்பகுதியில் டிகிரி எண்கள் எழுதிய வட்டு மிதந்தபடி தெரியும். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. கோட்டைக் கப்பலின் மீது வைத்து எண்ணைப் படிக்க வேண்டியதுதான். பெரும்பாலான மாடல்களில் எண்கள் ஒரு குழாயில் மட்டும் தெரியும். உங்கள் பார்வை எந்தக் கண்ணில் கூர்மையோ அந்தப் பக்கம் காம்பஸ் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். மறு கண் மங்கலானவருக்கு இது தினசரித் தொல்லை.

வட்டில் 1 டிகிரிக் கோடுகள் இருக்கும். அதனால் 1 டிகிரித் துல்லியம் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மிதமான அலையில், பழகிய கையில், ஒரு பேரிங் 2 டிகிரி கூடவோ குறையவோ இருக்கும். மூன்று முறை அடுத்தடுத்துப் படித்து நடு எண்ணை எழுதினால் இது கொஞ்சம் மேம்படும். இந்த 2 டிகிரிக்கு என்ன பொருள் என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஆபத்து ஒளிந்திருப்பதோ அங்கேதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கப்பல் 6 மைலிலிருந்து 4 மைலுக்கு நெருங்குகிறது. அது நம்மை 1 மைல் தள்ளிக் கடக்கப் போகிறது என்றால், அந்த இடைவெளியில் பேரிங் சுமார் 5 டிகிரி மாறும். அரை மைல் தள்ளிக் கடக்கும் என்றால் மாற்றம் சுமார் 2.4 டிகிரிதான். நேரே மோத வருகிறது என்றால் 0. அரை மைல் இடைவெளிக்கும் மோதலுக்கும் உள்ள வேறுபாடு நம் கைப்பிழைக்குள் மறைந்துவிடுகிறது. ‘பேரிங் 2 டிகிரி மாறிவிட்டது, தாண்டிவிடும்’ என்று நிம்மதி அடைவது இந்தக் கருவியைத் தவறாகப் படிப்பதாகும். 4 மைலிலிருந்து 2 மைலுக்கு வரும்போது அரை மைல் இடைவெளிக் கப்பலின் பேரிங் 7 டிகிரிக்கு மேல் மாறும், அப்போது ஐயமே இருக்காது. ஆனால் 20 நாட்டில் நெருங்கும் கப்பல் 2 மைலில் இருக்கிறது என்றால் மிச்சம் 6 நிமிடம். பெரிய கப்பலொன்று உங்களைக் கண்டு, முடிவெடுத்து, சுக்கானைத் திருப்பி விலக 6 நிமிடம் தாராளமான நேரம் அல்ல.

ஆகவே கைக்காம்பஸுக்கு நாங்கள் வைக்கும் அளவுகோல் கடுமையானது. 6 மைலிலிருந்து 4 மைல் வருவதற்குள் பேரிங் 5 டிகிரியாவது ஒரே திசையில் நகரவில்லை என்றால், மோதல் அபாயம் உண்டு என்று வைத்து நடக்க வேண்டும். விதியும் இப்படித்தான் சொல்கிறது: ஐயம் இருந்தால் அபாயம் உண்டு என்றே கொள். குறைந்த தகவலை வைத்து ஊகிக்காதே என்று அதே 7-ஆம் விதி ரேடாரைக் குறிப்பிட்டு எச்சரிப்பது, பைனாகுலர் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

எடுக்கும் முறைக்கு வருவோம். முதலில் வெறுங்கண்ணால் அடிவானம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும், பின்பக்கமும் சேர்த்து. பைனாகுலரின் பார்வை அகலம் 7 டிகிரி அளவுதான். அதை வைத்தே தேடத் தொடங்கினால் பக்கத்திலேயே இருப்பது தப்பிவிடும். ஏதேனும் தென்பட்டதும் பைனாகுலரைத் தூக்கி, மூன்று முறை படித்து, நேரம், நம் படகின் திசை, பேரிங் மூன்றையும் எழுத வேண்டும். மனதில் வைத்துக்கொள்வது போதாது. இரண்டு கப்பல்கள் சேர்ந்து வந்தால் எண்கள் குழம்பிவிடும். 2 அல்லது 3 நிமிடம் கழித்து மறுபடி, பிறகு மறுபடி. மூன்று பதிவுகள் இல்லாமல் போக்கு என்று எதையும் சொல்ல முடியாது. கப்பல் எவ்வளவு பெரியதோ, அதன் எந்தப் பகுதியைக் குறிவைக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம். 300 மீட்டர் நீளக் கப்பல் பக்கவாட்டில் நின்றால் 1 மைல் தூரத்தில் 9 டிகிரிக்கு மேல் அடைக்கும். முதல் முறை அணியத்தையும் (முன்முனை) அடுத்த முறை பின்னாலுள்ள கட்டடத்தையும் படித்தால், இல்லாத மாற்றம் இருப்பதுபோல் தெரியும். எப்போதும் ஒரே இடம். இரவில் என்றால் ஒரே விளக்கு.

இழுவைக் கப்பல் இன்னொரு பொறி. இழுக்கும் கப்பலின் பேரிங் நன்றாக மாறிக்கொண்டிருக்க, பின்னால் நீண்ட கயிற்றில் வரும் பார்ஜ் (தட்டையான சரக்குக் கலம்) நம் வழியில் நிலையாக நிற்கலாம். பைனாகுலர் இங்கே காம்பஸாக அல்லாமல் கண்ணாக உதவுகிறது. ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு வெள்ளை மாஸ்ட்ஹெட் விளக்கு தெரிந்தால் இழுவை. மூன்று தெரிந்தால் இழுவையின் நீளம் 200 மீட்டருக்கு மேல். உடனே பின்னால் மங்கலான பக்க விளக்குகளைத் தேடி, அவற்றுக்கும் தனியாகப் பேரிங் எடுக்க வேண்டும். மிகப் பெரிய கலத்தையோ இழுவையையோ நெருங்கும்போது பேரிங் மாறினாலும் அபாயம் இருக்கலாம் என்று விதி தனியாகச் சொல்லியிருப்பது இதனால்தான்.

பலர் கப்பலைப் படகின் கைப்பிடிக் கம்பியோடு நேராக வைத்துப் பார்த்தே அது நகர்கிறதா என்று முடிவு செய்கிறார்கள். படகின் தலை அலையில் இடமும் வலமுமாக 5, 10 டிகிரி ஆடும்போது அந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. காம்பஸ் பேரிங் படகின் ஆட்டத்தைச் சார்ந்ததல்ல. இந்தக் கருவிக்குச் செலவழிப்பதற்கு முழு நியாயமும் இந்த ஒரு வசதியில் இருக்கிறது.

குறைகள் உண்டு. முதல் குறை காந்தத்தினுடையது. இரும்புப் படகின் வீல்ஹவுஸுக்குள் (சுக்கான் அறை) நின்று படித்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. இரும்புக் கலத்துக்குக் காம்பஸ் இல்லாத 7×50 வாங்குவதே சரி. மிச்சமாகும் பணத்தை நல்ல லென்ஸில் போடலாம். ஃபைபர் படகிலும் எஞ்சின் இரும்புதான், ரேடியோ ஸ்பீக்கரில் காந்தம்தான். சட்டைப்பையில் உள்ள போனும், கழுத்தில் தொங்கும் வாக்கிடாக்கியும், இரும்புச் சட்டகம் போட்ட மூக்குக்கண்ணாடியும் வட்டைத் திருப்பக் கூடியவை. சோதிக்க வழி சுலபம். 3 மைலுக்கு அப்பால் உள்ள கலங்கரை விளக்கம் ஒன்றை, துறையில் கட்டி நிறுத்திய படகின் வெவ்வேறு இடங்களிலிருந்து படியுங்கள். தளத்தில் சில மீட்டர் நகர்வது அந்தத் தூரத்தில் எண்ணை மாற்றாது. எந்த இடத்தில் எண் விலகுகிறதோ அங்கே இரும்போ காந்தமோ இருக்கிறது. நல்ல இடம் ஒன்றைத் தேர்ந்து, எப்போதும் அங்கிருந்தே படியுங்கள். சிறு பிழை மிச்சம் இருந்தாலும் கவலையில்லை. ஒரே இடம், படகின் ஒரே திசை என்றால் எல்லாப் பதிவிலும் அதே பிழைதான் இருக்கும். நாம் பார்ப்பது வேறுபாட்டை. படகைத் திருப்பினால் மட்டும் பிழையும் மாறும். பழைய பதிவுகளை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது குறை, பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒரே சாய்வில் இல்லை என்பது. ஒரு பகுதிக்குச் சமன் செய்த வட்டு இன்னொரு பகுதியில் சாய்ந்து, உராய்ந்து, சோம்பலாக நகரும். நீண்ட பயணம் போகும் படகு என்றால் உலகம் முழுவதற்குமான வட்டு உள்ள மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஓடும் படகுக்கு அந்தப் பகுதிக்கானதே போதும்.

மூன்றாவது, எண்களுக்கான வெளிச்சம். சில மாடல்களில் பட்டன் செல் விளக்கு உண்டு. சிலவற்றில் மேலே சிறு சன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம் மட்டும். பின்னது இரவு வாட்ச்சுக்கு உதவாது. விளக்கு உள்ளதிலும் அது மிகப் பிரகாசமாக இருந்தால் கெடுதல். இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகிறது; ஒரு பளிச்சென்ற எண்பலகை அந்தப் பழக்கத்தைக் கலைத்துவிடும். கடையில் இருண்ட மூலையில் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எண்கள் படிக்கத் தெரிய வேண்டும், கண் கூசக் கூடாது. செல் மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதையும் திறந்து பார்த்துவிடுங்கள். உப்புநீர் முதலில் நுழைவது அங்கேதான்.

தூரம் அளக்கும் மில் அளவுகோலைப் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். கணக்கு சரிதான்: 1 மில் என்பது 1000 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் அளவு அடைக்கும் கோணம். 35 மீட்டர் உயரக் கப்பல் 10 மில் காட்டினால் தூரம் 3500 மீட்டர், அதாவது ஏறக்குறைய 1.9 கடல் மைல். ஆனால் எதிரே வரும் கப்பலின் உயரம் யாருக்குத் தெரியும்? கப்பல்கள் தம் விவரத்தை ரேடியோவில் அனுப்பும் ஏஐஎஸ் கருவி அதன் நீளத்தைச் சொல்லும், நீர்மட்டத்துக்கு மேல் உள்ள உயரத்தைச் சொல்லாது. கண் நீர்மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானமே 3.3 மைலில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கப்பலின் அடிப்பகுதி மறைந்தே இருக்கும். மோதல் தவிர்ப்பில் இந்த அளவுகோலுக்கு நாங்கள் குறைந்த மதிப்பெண்தான் தருவோம். ஒரு பயன் மட்டும் உண்டு. இரவில் பெரிய கப்பலின் முன், பின் மாஸ்ட்ஹெட் விளக்குகளுக்கு இடையே எத்தனை மில் என்று குறித்து வையுங்கள். கப்பல் நெருங்க நெருங்க அந்த இடைவெளி விரிய வேண்டும். மாறாகச் சுருங்கிக்கொண்டே வந்து ஒன்றன் மேல் ஒன்றாக நின்றால், அது தன் அணியத்தை உங்கள் பக்கம் திருப்பிவிட்டது.

ரேடாரும் ஏஐஎஸ்ஸும் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கு நேர்மையான பதில் தேவை. சிறு படகின் 18 அங்குல ரேடார் குவிமாடத்தின் கதிர் அகலம் 5 டிகிரி அளவு; பேரிங்கில் அது கைக்காம்பஸை வெல்வதில்லை. தூரத்தில் அது வெல்லும், பெரிய வித்தியாசத்தில் வெல்லும். தூரத்தை ரேடாரிலும் பேரிங்கை பைனாகுலரிலும் எடுத்தால் மேலே சொன்ன 6, 4 மைல் கணக்கு கச்சிதமாக அமைகிறது. ஏஐஎஸ் இன்னும் துல்லியம், கப்பலின் பெயரையும் சொல்லும். ஆனால் ஏஐஎஸ் அனுப்பாத கலத்தை அது காட்டாது. சின்ன மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அந்தக் கருவி இல்லை. போர்க்கப்பல்கள் அணைத்து வைக்கலாம். சிறு படகுகளுக்கான பி வகை ஏஐஎஸ் கருவி ஓடும்போதுகூட 30 நொடிக்கு ஒரு முறை தன் இடத்தைச் சொல்லும் சாதாரண மாடலாக இருந்தால், வேகப்படகு அதற்குள் நெடுந்தூரம் போயிருக்கும். 5-ஆம் விதி பார்வையாலும் செவியாலும் கிடைக்கும் எல்லா வழிகளாலும் காவல் வைக்கச் சொல்கிறது. பார்வை அந்தப் பட்டியலில் முதலில் நிற்கிறது. பனி மூடிவிட்டால் மட்டும் பைனாகுலர் கழுத்துப் பாரம்தான். வேகத்தைக் குறைத்து, ரேடாரைப் பார்த்து, காதைத் தீட்டிக்கொண்டு, பார்வை மங்கிய நிலைக்கான 19-ஆம் விதிக்கு மாறிவிட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. இரு கண் குழாய்களையும் தனித்தனியாகக் குவிக்கும் வகையே கடலுக்கு ஏற்றது. ஒரு முறை தொலைவுக்குச் சரிசெய்துவிட்டால், பிறகு தூக்கியதும் தெளிவாக இருக்கும். உங்கள் கண்ணுக்குரிய எண்ணைக் குழாயில் பார்த்துக் குறித்து வையுங்கள். வாட்ச் மாறும்போது அடுத்தவர் திருப்பிவிடுவார். உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளிருந்தே பனி படரும். வெளியே படருவதற்குக் காரணம் வேறு: குளிரூட்டிய அறையிலிருந்து நேரே ஈரக்காற்றுக்கு எடுத்து வந்தால் எந்த லென்ஸும் மூடிக்கொள்ளும். வாட்ச் நேரம் முழுதும் அதை வெளியே ஒரு பெட்டியிலேயே வைத்திருப்பதுதான் வழி. பார்வை வட்டத்தின் ஓரத்துக்குச் சற்று வெளியே பிரகாசமான விளக்கொன்றை வைத்துப் பாருங்கள். மலிவான லென்ஸில் உள்ளே பொய் விளக்குகள் தோன்றும். கடலில் அவை இல்லாத கப்பல்களாகத் தெரியும்.

இரு குழாய்களும் ஒரே திசை பார்க்கின்றனவா என்பது இன்னொரு சோதனை. அடிவானத்தையோ நேர்க்கோடான கூரை விளிம்பையோ பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் விலக்குங்கள். இரு வட்டங்களிலும் கோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் ஏறியும் மற்றதில் இறங்கியும் இருந்தால் அது எங்கோ விழுந்த கருவி. அரை மணியில் தலைவலி வரும், வீட்டில் சரிசெய்யவும் முடியாது. எடை ஏறக்குறைய ஒரு கிலோ என்பதால் வார் அகலமாக இருக்கட்டும். மிதக்கும் வார் இன்னும் நல்லது.

உப்பு காய்ந்த லென்ஸைத் துணியால் துடைத்தால் உப்புத் துகளே பூச்சைக் கீறும். முதலில் நன்னீரை ஊற்றிக் கரைத்து, வடியவிட்டு, பிறகுதான் மென்துணி. வெயிலில் வீல்ஹவுஸ் கண்ணாடிக்குப் பின்னால் விட்டு வைத்தால் காம்பஸ் திரவம் விரிந்து, அடைப்பு தளர்ந்து, குமிழி விழும். சிறு குமிழி எண்ணை மறைக்காத வரை பொறுத்துக்கொள்ளலாம். வட்டு சாய ஆரம்பித்தால் அந்தக் காம்பஸின் ஆயுள் முடிந்தது. பைனாகுலரைத் தூக்கி எறியாமல் காம்பஸ் பகுதியை மட்டும் தனியாக மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எல்லா நிறுவனமும் மாற்றித் தருவதில்லை.